மீசை இல்லாத மாடன்

சுடலைமாடனின் மூக்கு பெயர்ந்து சாக்கடையில் விழுந்ததை மாடசாமி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். அடுத்து மீசை போனது. அதற்கடுத்து மேலுதடும் இடது கன்னமும் போயின. கையில் துள்ளிக்கொண்டிருந்த குழாயை நிறுத்த எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டார். அதுதான் பிசகு.

அது வண்டி கழுவுகிற குழாய். புனேக்குப் பக்கத்தில், தேஹு ரோடு ஸ்டேஷன் அருகே ஷேர் ஆட்டோ கழுவும் ஷெட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்கி வந்தது. சேறு அப்பிய ஆட்டோவையே கண் மூடித் திறப்பதற்குள் பளபளவென்று ஆக்குகிறதே, மாடன் முகத்தில் இருக்கிற இருபத்து நாலு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு எம்மாத்திரம் என்று நினைத்தார். ஆனால் ஆட்டோ தகரம். மாடனுக்கு உடம்பு மட்டும்தான் சிமென்ட். தலை பிளாஸ்டர்.

"என்னங்க, சாமிக்குச் சவரம் பண்ணுதீகளா?"

குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது அவர் மனைவி கிரிஜா.

"வாய மூடிட்டு இத நிறுத்துட்டி மொதல்ல! பித்தான் எங்க இருக்குன்னே தெரியல!"

கிரிஜா ஒரே அமுக்கில் நிறுத்தினாள். மாடனின் கழுத்துக்கு மேலே உரித்த தேங்காய் மாதிரி ஒன்று மிச்சமிருந்தது.

"போனாப் போகட்டும்," என்றாள். "அந்த மூஞ்சியப் பாத்து எனக்கு ஒருநாளும் பயமே வந்தது கிடையாது. என்னமோ எரிச்சல்தான் வரும்."

மாடசாமிக்கு அழுகை வந்துவிட்டது. உருண்ட கண்ணும் விடைத்த மூக்கும் ஒரு பக்கமாக இறங்கிய உதடுமாக என்ன முகம் அது! அதைப் பார்த்துப் பயப்படாத பொம்பளை உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

இவ்வளவுக்கும் காரணம் கமிட்டித் தலைவர் ஹரிபிரசாத். ஆயுதக் கிடங்கில் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். டெப்போவில் அதிகாரம் பண்ணிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? குவார்ட்டர்ஸ்களுக்குப் பின்னால் அரச மரத்தடியில் தகரக் கூரைக்குள் நிம்மதியாக இருந்த மாடனைத் திருத்தி எடுப்பதென்று கங்கணம் கட்டிக்கொண்டார். அவர் தலைவரானதும் ஆடு போய்ப் பூசணிக்காய் வந்தது. சாராயம் போய் ஜீரா சோடா வந்தது. சுருட்டு போய் ஊதுபத்தி வந்தது. போன வருஷம் போர்டிலும் ஸ்ரீ மாடேஸ்வர் மந்திர் என்று இந்தியில் எழுதியாயிற்று.

இந்த வருஷம் கூட்டத்தில் அவர் சொன்னது இது:

"மாடசாமி, சாமி மூஞ்சி பூரா கரி. வெளியாட்கள் பார்த்தா சிரிப்பாங்க. ஜெய்ப்பூர்ல சொல்லி வெள்ளைப் பளிங்குல ஒண்ணு வரவழைச்சிருவோம். இன்னொண்ணு. இந்தச் சாமியாட்டம் எல்லாம் இந்தக் காலத்துக்கு ஒத்து வராது. இந்தக் கொடைக்கு உங்க மேல சாமி வந்தா சரி. வரலைன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து ஆட்டம் கிடையாது. பஜனை வைப்போம், குழந்தைகளுக்கு டிராயிங் காம்பெடிஷன் வைப்போம்."

மாடசாமிக்குச் சுருக்கென்றது. அவர் டெப்போவில் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிறவர். வருஷம் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் எல்லாருக்கும் "ஜீ சாப்" சொல்லுகிறவர். வீட்டில் அவர் பேச்சை மிக்சிகூடக் கேட்காது. ஆனால் ஆடித் திருவிழாவான கொடை அன்றைக்கு உச்சி நேரத்தில் அவர் மேல் மாடன் வருவார். அப்போது இதே ஹரிபிரசாத் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்று, "சாமி, உத்தரவு" என்று திருநீறு வாங்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டேதான் அவர் மற்ற நாளெல்லாம் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர் எதற்காக உயிரோடு இருப்பது?

பளிங்கு வரக்கூடாது, ஆட்டமும் நிற்கக்கூடாது, அதனால் நாமே கழுவிச் சுத்தமாக்கிவிடுவோம் என்றுதான் குழாயைத் தூக்கினார். கொடைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே கால்நாட்டு. கோயிலுக்கு முன்னால் பந்தக்கால் நட்டு, மஞ்சள் துணி கட்டி, கொடை தொடங்கிவிட்டது என்று சாமிக்குச் சொல்லுகிற சடங்கு. அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கால் நட்டாகிவிட்டால் சாமியாடுகிறவர் கொடை அன்று திரை விலகும்வரை மாடன் முகத்தைப் பார்க்கக்கூடாது. பத்து நாள் பார்க்காமல் இருந்து, உச்சி நேரத்தில் நேருக்கு நேராகப் பார்த்தால்தான் அருள் இறங்கும். மாடசாமி இந்த விஷயத்தில் அணுவளவும் பிசகாதவர்.

ஆக, முகம் போய்விட்டது, புது முகம் வேண்டும், ஆனால் அதை அவர் பார்க்கக்கூடாது. இதுதான் நிலைமை.

தலையைக் கழற்றித் துணியில் சுற்றி, ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கயிறு போட்டார்.

"கசார்வாடிக்குப் போறேன். வாரியா?"

கிரிஜா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "கசார்வாடிக்கு நான் ஒரு தடவ வந்ததே இந்தப் பிறவிக்குப் போதும்."

அது ஒரு பழைய புண். கல்யாணமாகி, தென்காசியிலிருந்து கிரிஜா புனேக்கு வந்து இறங்கிய நாலாம் நாள், "நாளைக்கு லோனாவ்லா போறோம். மலை இருக்கு, அருவி இருக்கு, ரெண்டு பேருமாச் சுத்திட்டு வருவோம்" என்று மாடசாமி சொல்லியிருந்தார். கிரிஜா பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். லோனாவ்லா மேற்கே இருக்கிறது. மாடசாமி அவளைக் கிழக்கே போகிற லோக்கல் ரயிலில் ஏற்றிக் கசார்வாடியில் இறக்கினார். கோயிலுக்கு மாடன் தலை செய்யச் சொல்ல அன்றைக்குத்தான் நாள் நன்றாக இருந்ததாம். "ரெண்டே நிமிசம், சொல்லிட்டு அப்படியே அடுத்த வண்டியப் புடிச்சிருவோம்" என்றார்.

ரெண்டு நிமிசம் மூணு மணி நேரமாயிற்று. சிலைக்காரர் குலாப்ராவுக்குத் தமிழ் தெரியாது. ஊரிலிருந்து வந்து இரண்டு வருஷமே ஆன மாடசாமிக்கு அப்போது இந்தி வராது. காட்டுவதற்குப் படமும் இல்லை. மாடனைப் படம் எடுத்தால் கேமரா வெடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தபடியால் இன்றுவரை மாடனை யாரும் படம் எடுத்ததில்லை. மாடசாமி தனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையான "பஹுத் குஸ்ஸா, பஹுத் குஸ்ஸா" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சாமிக்குப் பயங்கரக் கோபம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எப்படியோ புரியவைக்கப் பார்த்தார். பட்டுச்சேலை பூராவும் பிளாஸ்டர் தூளோடு கிரிஜா வேறு "லோனாவ்லா, லோனாவ்லா" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். இந்தக் கூச்சலிலும் குலாப்ராவ் ஒரு கட்டத்தில் சிரித்துத் தலையாட்டி, "புரிஞ்சிருச்சு, அடுத்த வாரம் வா" என்று சைகை காட்டிவிட்டார்.

லோனாவ்லாவுக்கு அன்றைக்குப் போக நேரமில்லை. அதற்கப்புறம் இருபத்து நாலு வருஷமாகவும் போக நேரமில்லை.

ஆனால் தலை என்னவோ பிரமாதமாக அமைந்தது. அதற்கு முன்பு, மாடசாமியின் அப்பா ஆடின காலத்தில், மாடனுக்கு முகமே கிடையாது. செங்கலை அடுக்கிச் சுண்ணாம்பு அடித்த பூடம்தான் மாடன். அப்பா போன பிறகு மாடசாமி அந்தப் பூடத்தின் முன்னால் இரண்டு கொடைக்கு நின்றார். அருள் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. சிமென்ட் உடம்பு கட்டித் தலையை வைத்த வருஷம், திரையை விலக்கியதும் அந்த முகத்தைப் பார்த்தார். அடிவயிற்றைப் பிசைந்தது, முழங்கால் கழன்றது, பல் தந்தியடித்தது. அன்றிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

கசார்வாடியில் பட்டறை முழுக்கப் பிள்ளையார்கள். சதுர்த்திக்கு ஒரு மாதமே இருந்ததால் சின்னதும் பெரியதுமாக நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. குலாப்ராவ் இல்லை. அவர் மகன் நிதின், காதில் பிரஷ்ஷைச் சொருகிக்கொண்டு நின்றான்.

"எங்க அப்பா சாத்தாராவுல அக்கா வீட்டுக்குப் போயிருக்காரு," என்றான் இந்தியில். "போன்ல கேட்கவும் முடியாது, காது சுத்தமாப் போச்சு. பழைய அச்சும் இல்ல. போட்டோ இருந்தாக் குடுங்க, அச்சு அசலா செஞ்சு தாரேன்."

போட்டோவுக்கு எங்கே போவது? மாடசாமிக்கு ஒரே வழிதான் தோன்றியது. விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஸ்நேஹாவுக்குப் போன் போட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் போனில் இல்லாத சாமியா?

ஸ்நேஹாவுக்கும் அவருக்கும் அப்போது பேச்சுவார்த்தை கொஞ்சம் இழுபறியில் இருந்தது. அவள் இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதியிருந்தாள். நாயகன் சாட்சாத் சுடலைமாடன். கிரிஜாதான் கதையைக் கேட்டு வந்து சொன்னாள். மாடன் முப்பது வயசுப் பையனாம். கோரேகாவ் பார்க்கில் தனி ஃபிளாட்டாம். புல்லட்டில் போய்ப் பேய் பிடிப்பானாம். சுருட்டு, சாராயம் எதுவும் தொடாமல் பால் விடாத காபி குடிப்பானாம். சுடுகாட்டில் பிணம் தின்றதற்காகச் சின்ன வயசிலேயே கைலாசத்தை விட்டுத் துரத்தினார்களே, அந்த வருத்தம் நெஞ்சில் தங்கிப்போய் வாரம் ஒரு நாள் மனநல டாக்டரிடம் போய் உட்கார்ந்து அழுவானாம். "எங்க அப்பன் ஆடின சாமி டாக்டர்ட்டப் போய் அழுதானா?" என்று மாடசாமி ஒரு மாசம் மகளோடு பேசவில்லை. அவள் ஆசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம் பீரோவின் ஆட்டத்தை நிறுத்துவதற்குக் காலுக்கடியில் இருந்தது.

"ஸ்நேஹா, மாடன் படம் உங்கிட்ட இருக்கும்லா?"

"என் மாடனா?"

"பின்ன எதுத்த வீட்டு மாடனா? சிலைக்காரன் நம்பர் தாரேன், நேரா அவனுக்கே அனுப்பிரு. எனக்கு அனுப்பிராத, நான் பாக்கக்கூடாது. அத வச்சுத்தான் கோயிலுக்குப் புதுத் தலை செய்யப் போறோம்."

ஸ்நேஹாவின் குரல் உடைந்து வந்தது: "சீரியஸ்லி, அப்பா? தேங்க்ஸ் நா. நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

ஒரு படம் அனுப்புவதற்கு எதற்கு இந்தத் தேங்க்ஸ் என்று மாடசாமிக்கு விளங்கவில்லை. நல்ல பிள்ளை, எல்லாம் சரியாகிவிடும் என்று சந்தோஷமாக லோக்கல் பிடித்தார்.

கொடைக்கு நாலு நாள் முன்பு நிதின் தலையைக் கொண்டுவந்து பொருத்தினான். மாடசாமி துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டியபடி அரச மரத்தைப் பார்த்து நின்றார்.

"எப்படி இருக்கு?" என்று மரத்திடம் கேட்டார்.

பதிலுக்குக் கிரிஜாவின் சிரிப்புதான் வந்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி, விடாமல் சிரித்தாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லங்க. மாப்பிள்ள லட்சணமா இருக்காரு."

அப்போது பார்த்து ஹரிபிரசாத் வந்து சேர்ந்தார். "அடடே! மாடசாமி! நீங்களா இது? எவ்வளவு டீசண்டா இருக்கு! ரோஸ் கலர், மழமழன்னு தாடை, சிரிச்ச முகம், தலையில சின்னக் கொண்டை. கழுத்துல பச்சை குத்தியிருக்கே, அது மட்டும்தான் கொஞ்சம் அதிகம். நான் பளிங்கு ஆர்டரைக் கேன்சல் பண்ணிடறேன்."

"மழமழன்னா? மீசை?"

"மீசை ஏது?"

மாடசாமிக்குத் தலை சுற்றியது. மீசை இல்லாமல் ஒரு மாடனா? ஹரிபிரசாத் போகிறவரை காத்திருந்து, திரும்பாமலே நிதினைக் கூப்பிட்டார்.

"அரே, மீசை எங்கடா?"

"படத்துல இல்லையே."

"இல்லன்னா வை! பெருசா வை!"

நிதின் பெட்டியைத் திறந்து கறுப்புப் பெயிண்டால் மீசை போட்டான். கிரிஜா பார்த்துச் சொன்னாள்: "இப்பக் கல்யாணத் தரகர் மாதிரி இருக்காரு. சிரிச்சுகிட்டே ஜாதகம் கேப்பாரு போல."

"சிரிக்கக்கூடாது! கண்ண உருட்டச் சொல்லு!"

நிதின் கண்ணை உருட்டினான். உருட்டினாலும் அது பிள்ளையார் கண்ணாகத்தான் வந்தது. அவனுக்கு வேறு கண் வராது.

"பச்ச மொளகாயக் கடிச்சுட்டுத் தண்ணி கேக்காரு," என்று தகவல் சொன்னாள் கிரிஜா.

"அப்பப் பல்லு! ரெண்டு கோரப் பல்லு வைக்கச் சொல்லு!"

இந்த முறை வெகு நேரம் ஆயிற்று. வேலை முடிந்து நிதின் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் கிரிஜா வாய் திறந்தாள்.

"வச்சுட்டான். ஒண்ணு முழுசு, ஒண்ணு பாதி."

"பாதியா? ஏன்?"

"வருசம் பூரா பிள்ளையார் செய்யுதவன் கை. பழக்கத்துல ஒரு கொம்ப உடைச்சுட்டான்."

மாடசாமி அரச மரத்தைக் கட்டிக்கொண்டார். மேற்கொண்டு ஒரு திருத்தமும் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்ணால் பார்க்காமல் ஒரு முகத்தை இதற்கு மேல் கெடுக்க முடியாது.

கொடை அன்று மழை விட்டிருந்தது. நையாண்டி மேளத்துக்கு ஆள் கிடைக்காமல் இந்த ஊர் டோல்-தாஷா மேள கோஷ்டியைப் பிடித்திருந்தார்கள். பெண்கள் பொங்கல் பானைகளோடு ஒரு பக்கம் இருந்தார்கள். ஹரிபிரசாத் கைக்கடிகாரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிதின் தன் அப்பாவை அழைத்து வந்திருந்தான். குலாப்ராவ் அன்று காலைதான் சாத்தாராவிலிருந்து திரும்பியிருந்தார். சிரித்த முகத்தோடு அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பதினொன்றரைக்கு ஸ்நேஹா வந்தாள். கூடப் பத்துப் பேர். எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு பனியன் போட்டிருந்தார்கள். பனியனில் ஒரு படம் இருந்தது. தலையில் கொண்டை, கழுத்தில் பச்சை, மழமழ தாடை, காதில் வளையம்.

"அப்பா, இவங்கள்லாம் என் ரீடர்ஸ். என் மாடனை நீங்க கோயில்ல வச்சிருக்கீங்கன்னு சொன்னேன், நம்பவே இல்ல. அதான் கூட்டிட்டு வந்தேன்."

மாடசாமி பனியனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி பனியனைப் பார்த்தார். தேங்க்ஸ் சொன்னது எதற்கென்று இப்போது விளங்கியது. அழுவதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது.

மாலை போட்டார்கள், இடுப்பில் சிவப்புத் துண்டைக் கட்டினார்கள், கையில் வெட்டரிவாளைக் கொடுத்தார்கள். உச்சி நேரம். திரை விலகியது.

பத்து நாளாகப் பார்க்காத முகத்தை மாடசாமி நிமிர்ந்து பார்த்தார்.

ரோஸ் நிற மாடன் கொண்டையும் மீசையுமாக, மிளகாய் கடித்த கண்ணோடு, ஒன்றரைக் கொம்பைக் காட்டிச் சிரித்தார்.

வயிற்றைப் பிசையவில்லை. முழங்கால் கல்லாக நின்றது. அதைவிட மோசமாக, தொண்டைக்குள் ஒரு சிரிப்பு வந்து முட்டிக்கொண்டு நின்றது. மாடா, மாடா, மானத்தை வாங்கிராதே என்று பல்லைக் கடித்தார். தாஷாக்காரர்கள் ரோட்டில் போகிற பஸ் நிற்கிற அளவுக்கு அடித்தார்கள். குலவை போட்டுப் போட்டுப் பெண்களுக்குத் தொண்டை கட்டியது. ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் இடது காலை மட்டும் கொஞ்சம் உதறிப் பார்த்தார்.

"என்ன மாடசாமி, கால் மரத்துப் போச்சா?" என்று கேட்டார் ஹரிபிரசாத். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கால் மணி நேரம் ஆச்சு. வரலைன்னா வரலை, அதுல என்ன வெட்கம்? அடுத்த வருஷம் பஜனை வச்சுக்கலாம். மேளத்தை நிறுத்துங்கப்பா."

மேளம் நின்றது. மாடசாமிக்கு எல்லாமே நின்றது. முந்நூற்று அறுபத்து ஐந்தாவது நாளும் போய்விட்டது. இனி சாகும்வரை ஆணிதான். அந்த ஆத்திரத்தில் வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது.

"எல்லாம் இந்தக் கழுத அனுப்புன படத்தால வந்தது!" அரிவாளை மகள் பக்கம் நீட்டினார். "சாமியக் கோமாளியாக்கி ஒரு புத்தகம்! அத நான் பீரோ காலுக்கு அடியில வச்சேன், அதுக்குத்தான்டா அது லாயக்கு!"

பனியன் போட்ட பத்துப் பேரும் தலையைக் குனிந்தார்கள். ஸ்நேஹாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. "காலுக்கு அடியிலயா, அப்பா?" என்றாள். அழுதுவிட்டாள்.

பொங்கல் பானைகளுக்கு நடுவிலிருந்து கிரிஜா எழுந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளுக்கும் மாடனுக்கும் நடுவில் நின்று, புருஷனைப் பார்த்தாள். கண் இரண்டும் உருண்டன. மூக்கு விடைத்தது. உதடு மெல்ல ஒரு பக்கமாக இறங்கியது.

மாடசாமிக்கு அடிவயிற்றைப் பிசைந்தது.

முதலில் முழங்கால் கழன்றது. அப்புறம் பல் தந்தியடித்தது. உள்ளங்காலில் கிளம்பிய நடுக்கம் உச்சி மயிர்வரை ஏறியது. "ஏஏஏய்ய்!" என்று ஒரு கத்தல் கத்தினார். அரச மரத்துக் காக்கை எல்லாம் பறந்தன.

"வந்துட்டாருடா! மாடன் வந்துட்டாரு! அடிங்கடா மேளத்த!"

அப்படி ஒரு ஆட்டத்தை இருபத்து நாலு வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. பந்தக்கால் ஆடியது. தாஷாக்காரர்களே பயந்து பின்னால் போய் நின்று அடித்தார்கள். ஹரிபிரசாத்தின் முன்னால் வந்து அரிவாளைத் தரையில் ஊன்றினார்.

"ஏலேய்! செங்கலா நின்னவன்லே நான்! அன்னைக்கு எனக்கு மூக்கு உண்டுமா? முழி உண்டுமா? எம் மூஞ்சி எப்படி இருக்கணும்னு சொல்ல நீ யாருலே?"

ஹரிபிரசாத் சட்டைப் பித்தானைக் கழற்றுவதற்குள் இரண்டு பித்தான் தெறித்துவிட்டது. "தப்புதான் சாமி, உத்தரவு சாமி," என்று குனிந்தார்.

"அடுத்த வருசம் ஆட்டம் உண்டாலே?"

"உண்டு சாமி! வருஷா வருஷம் உண்டு!"

அவர் நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டு, சாமி ஸ்நேஹாவிடம் போனது. நடுங்கிக்கொண்டே அவள் தலையில் கை வைத்தது. "எம் புள்ள எழுதுனதும் எங் கததாம்லே! இவ எழுதட்டும், எவனும் தடுக்கக்கூடாது!" என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கியது. அப்புறம் குரலைத் தாழ்த்தி அவளிடம் மட்டும் சொன்னது: "ஆனா அந்த டாக்டர்ட்டப் போய் அழுத எடத்த மட்டும் எடுத்துரு தாயி."

"ஓகே," என்றாள் ஸ்நேஹா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நெக்ஸ்ட் எடிஷன்ல."

சாமி மலையேறி, தண்ணீர் தெளித்து, எல்லாருக்கும் பொங்கல் விளம்பியாயிற்று. மாடசாமிக்கு உடம்பெல்லாம் வலித்தாலும் மனசு நிறைந்திருந்தது. ஸ்நேஹா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை இன்றைக்கே பீரோ காலிலிருந்து எடுத்துவிட வேண்டும், அங்கே வைக்க வேறு அட்டை தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் அரித்தது. இன்றைக்கு ஏதோ தப்பித்தாயிற்று. அடுத்த வருஷமும் இந்த ஒன்றரைக் கொம்புக்கு முன்னால் போய் நின்றால் என்ன ஆகும்? எழுந்து, நாற்காலியில் பொங்கல் தின்றுகொண்டிருந்த குலாப்ராவிடம் போய்க் குனிந்து, அவர் காதுக்குள் இந்தியில் கத்தினார்.

"பெரியவரே! அந்தப் பழைய முகம்! அதே கோபம்! அதே மாதிரி மறுபடி செஞ்சு தர முடியுமா?"

குலாப்ராவ் நிதானமாக மென்று விழுங்கினார். பொங்கல் விளம்பிக்கொண்டிருந்த கிரிஜாவைப் பார்த்ததும் கிழவரின் முகம் மலர்ந்தது.

"மீசை மட்டும்தான்ப்பா அன்னைக்கு நானா வச்சது," என்றார். "மிச்ச முகம் வேணும்னா, இந்தம்மாகிட்ட மறுபடியும் லோனாவ்லா போறோம்னு சொல்லி, என் பட்டறைக்குக் கூட்டிட்டு வா."